விலாக்கறி பதமாக வேக எது சரி: குக்கரா, மண்சட்டியா, ஓவனா, கரியடுப்பா?

தம்பி மகன் டெக்சாஸிலிருந்து பொங்கலுக்கு வருகிறான். போன வாரம் போனில், "அத்தை, இந்தத் தடவை ரிப்ஸ் பண்ணலாமா? அங்க பண்ற மாதிரி எலும்பைக் கையில பிடிச்சுக் கடிக்கணும். ஆனா மசாலா நம்ம வீட்டு மசாலாவா இருக்கணும்" என்றான். செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். தை 3 அன்று சிறாவயல் மஞ்சுவிரட்டு பார்த்துவிட்டு வருகிற எங்கள் கூட்டம் பசியோடுதான் காரைக்குடிக்குத் திரும்பும். பெரியவர்களும் பிள்ளைகளுமாக 14 பேர். வந்தவுடன் இலை போட்டாக வேண்டும்.

விலா எலும்புக் கறியை இந்த மூன்று வருடத்தில் நான்கு விதமாகச் செய்து பார்த்திருக்கிறேன்: பிரஷர் குக்கரில், மண்சட்டியில், ஓடிஜி ஓவனில், நேராகக் கரி நெருப்பில். நான்கிலும் நல்ல கறி கிடைத்திருக்கிறது, நான்கிலும் கெட்டும் போயிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வீட்டில் எத்தனை பேர், ஆடு எவ்வளவு முத்தல், கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறியை வேக வைப்பது ஒரு வேலை, மேல்பக்கம் சிவக்க வாட்டுவது வேறு வேலை. பத்துப் பேருக்கு மேல் என்றால் வேக வைக்கக் குக்கர், வாட்டக் கரியடுப்பு என்று பிரித்துக்கொள்வேன். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு இதையே சொல்ல மாட்டேன். அங்கே மண்சட்டிக்குத்தான் என் ஓட்டு.

கடையிலேயே பாதி வேலை

அமெரிக்காவில் ரிப்ஸ் என்றால் பெரும்பாலும் பன்றி விலா. அங்கே பழைய முறைப்படி செய்கிறவர்கள் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரையான மெதுவான சூட்டில், விறகுப் புகையில், ஐந்தாறு மணி நேரம் வைத்திருப்பார்கள். 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு: மூன்று மணி நேரம் புகையில், இரண்டு மணி நேரம் அலுமினியத் தாளில் சுற்றி, கடைசி ஒரு மணி நேரம் சாஸ் தடவி. நம் பக்கம் வீட்டில் சமைப்பது வெள்ளாட்டு விலா. பன்றி விலாவில் சதை தடிமன், கொழுப்பு சதைக்குள்ளேயே ஊடியிருக்கும். வெள்ளாட்டுக்கு ஒரு பக்கத்துக்கு 13 விலா, அதன் மேல் மெல்லிசான சதை. அதனால் அவர்களுடைய நேரக் கணக்கை அப்படியே இங்கே எடுத்து வைத்தால் கறி காய்ந்துவிடும்.

நம் கறிக்கடையில் விலாவை முழுசாகக் கேட்பவர்கள் குறைவு. நெஞ்செலும்பு என்றாலே குழம்புக்கோ சூப்புக்கோ என்று எடுத்துக்கொள்வார்கள். செக்காலைப் பக்கம் நான் வாங்கும் கடையில் முதல் தடவை "துண்டு போட வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டையில் நாலு வெட்டு விழுந்துவிட்டது. இப்போது முதல் நாளே சொல்லி வைத்துவிடுகிறேன். "முதுகோட சேர்த்து எடுக்கவாக்கா, நெஞ்சோட சேர்த்து எடுக்கவா?" என்று அவரே கேட்கிறார். முதுகுப் பக்கம் எடுத்தால் சாப்ஸ். சதை அதிகம், சீக்கிரம் வெந்துவிடும். நெஞ்சுப் பக்கம் ஜவ்வும் குருத்தெலும்பும் கூடுதல், நேரம் பிடிக்கும். ஆனால் வெந்த பிறகு வாயில் ஒட்டுகிற அந்த ருசி அங்கேதான் இருக்கிறது. நான் நெஞ்சோடு சேர்த்துத்தான் வாங்குகிறேன். ஐந்தாறு எலும்பு சேர்ந்த பட்டையாக வெட்டித் தரச் சொன்னால் குக்கருக்குள் அடங்கும்.

ஆட்டின் வயதை விசாரியுங்கள். பல் போடாத குட்டி, இரண்டு பல் கிடாய், அதற்கு மேல் முத்தல் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும். கேட்கக் கூச்சமாக இருந்தால் கண்ணால் பார்த்தே சொல்லலாம். இளசு என்றால் சதை வெளிர் சிவப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் இருக்கும். முத்தல் என்றால் சதை கறுஞ்சிவப்பு, கொழுப்பில் லேசாக மஞ்சள் ஓடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நேரம் குறித்தால் குக்கரையும் அடுப்பையும் குறை சொல்லிப் பயனில்லை.

வீட்டுக்கு வந்ததும் விலாவைக் கவிழ்த்துப் போட்டால் எலும்புப் பக்கத்தில் கண்ணாடித்தாள் போல ஒரு ஜவ்வு பளபளக்கும். ஒரு ஓரத்து எலும்பின் மேல் ஸ்பூன் காம்பை நுழைத்து நெம்பினால் அது கிளம்பும். வெறும் விரலுக்கு வழுக்கும். ஒரு காய்ந்த துணியால் அந்த முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே வீச்சில் உரிந்து வரும். குட்டி ஆட்டில் அது மெல்லிசாக இருந்து கிழிந்துகொண்டே போகும், அங்கே விட்டுவிடலாம். முத்தலில் விடக் கூடாது. வாட்டும்போது அது சுருங்கி விலாவை வில்லாக வளைத்துவிடும், மசாலாவையும் உள்ளே விடாது.

கறி விறைப்பது எதனால்

ஆடு மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் விலா விரிந்து சுருங்குகிறது. ஓயாமல் வேலை செய்யும் தசை அது. அந்தத் தசைநார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்கிற புரதம். 60 டிகிரியைத் தாண்டியதும் கொலாஜன் முதலில் சுருங்கி, சதைக்குள் இருக்கிற நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதனால்தான் பாதி வெந்த கறி ரப்பர் மாதிரி இருக்கிறது. சூடு தொடர்ந்தால் அதே கொலாஜன் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறும். கறி பஞ்சு மாதிரி ஆவது அப்போதுதான். ஆகவே விலாக்கறி விறைத்திருந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று பயந்து இறக்கிவிடாதீர்கள். அநேகமாக இன்னும் வேக வேண்டும் என்று அர்த்தம்.

இந்த மாற்றம் 100 டிகிரியில் மணிக்கணக்கில் நடக்கும். குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த 20 டிகிரி கூடும்போது மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிவிடுகிறது. டெனி பாப்பான் என்கிற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் செய்து காட்டிய முதல் பிரஷர் பாத்திரமே எலும்பை மென்மையாக்கத்தான். அழுத்தம் மிஞ்சினால் வெளியேற ஒரு வால்வையும் அவரே வைத்தார். நம் குக்கரின் வெயிட்டுக்கு அதுதான் மூதாதை. குக்கரில் எலும்புக்கறியா என்று யாராவது முகம் சுளித்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

குக்கர்

எங்கள் வீட்டில் கறி வாங்கி வந்தாலே "எத்தனை விசில்?" என்றுதான் கேட்பார்கள். விசில் என்பது நேரம் கிடையாது. பெரிய தீயில் ஐந்து விசில் ஏழு நிமிடத்தில் வந்துவிடும், சிறு தீயில் அதே ஐந்து விசிலுக்கு அரை மணி நேரம் ஆகும். குக்கருக்குக் குக்கர், வெயிட்டுக்கு வெயிட் வேறுபடும். பருப்புக்கு இந்தக் கணக்குப் போதும், விலாவுக்குப் போதாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். வெயிட் லேசாக உஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாலே உள்ளே முழு அழுத்தம் இருக்கிறது.

என் அடுப்பில் பல் போடாத குட்டிக்கு 12 நிமிடம், இரண்டு பல் கிடாய்க்கு 18 முதல் 20 நிமிடம், முத்தலுக்கு 25 முதல் 30 நிமிடம். பன்றி விலா செய்கிறவர்களுக்கு 20 முதல் 25. மின்சாரப் பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்கள் இதோடு நாலைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் அழுத்தம் கொஞ்சம் குறைவு, சூடு 115 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும்.

உள்ளே என்ன போடுவது என்பதில் நான் சிக்கனம் பார்ப்பேன். ஒரு கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் கல்லுப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், இஞ்சி ஒரு துண்டு, எட்டுப் பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சோம்பு, ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். கறியே நிறைய நீர் விடும், எலும்பு முழுக வேண்டியதில்லை. வெல்லம், கருப்பட்டி, தக்காளி சாஸ் போன்ற இனிப்பு எதையும் குக்கருக்குள் விடாதீர்கள், அடிப்பிடித்துவிடும். கல்பாசி, பட்டை, மிளகு எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடினாலும் பாதி மணம் விசிலோடு அடுப்படிக்குத்தான் போகும், கறிக்கு வராது. விலாப் பட்டைகளை நிறுத்தி வைத்து, பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். 5 லிட்டர் குக்கரில் ஒன்றரைக் கிலோ அடங்கும்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து தவற விடாதீர்கள். அடுப்பை அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்க வேண்டும். 15, 20 நிமிடம் ஆகும். இரண்டு வருடத்துக்கு முன் விருந்தாளிகள் வாசலில் வந்து நிற்க, அவசரத்தில் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிப் பிடித்து ஆவியை விட்டேன். அழுத்தம் சட்டென்று விழுந்ததும் உள்ளே இருந்த தண்ணீர் பொங்கிக் கொதித்தது. சதைக்குள் இருந்த நீரும் சேர்ந்துதான் கொதித்திருக்கிறது. திறந்து பார்த்தபோது கறி எலும்பை விட்டுக் கழன்று, நார் நாராகப் பிரிந்து கிடந்தது. பிய்த்தால் மென்மை, மென்றால் சக்கை. அன்றைக்கு அதைப் பிய்த்துப் போட்டுச் சுக்கா வறுவலாக்கித்தான் பரிமாறினேன். அதே ஆட்டின் அடுத்த பக்கத்தை மறுநாள் பொறுமையாக ஆறவிட்டுத் திறந்தேன். எலும்போடு நின்றது, கடித்தால் சாறு வந்தது. ஒரே குக்கர், ஒரே 20 நிமிடம்.

வெந்ததா என்று பார்க்க ஓரத்து எலும்பைப் பிடித்து லேசாகத் திருகுங்கள். திரும்ப வேண்டும், கழன்று வரக் கூடாது. சதை எலும்பு நுனியிலிருந்து அரை விரற்கடை உள்வாங்கியிருந்தால் சரியான பதம். எலும்பு உருவிக்கொண்டு வருவதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒரு படி அதிகம், கரியடுப்பில் போட்டால் அந்தக் கறி கம்பிக்கு இடையில் நெருப்பில் விழுந்துவிடும்.

குக்கரால் முடியாதது இரண்டு. ஒன்று, மேலே சிவக்க வைப்பது. கறி சிவந்து அந்த வறுத்த வாசம் வர 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், மேல்பக்கம் உலர்ந்தும் இருக்க வேண்டும். உள்ளே முழுக்க ஈரம், சூடும் 120-ஐத் தாண்டாது. இன்னொன்று புகை மணம். குக்கரிலிருந்து எடுத்த விலா சாம்பல் நிறத்தில், ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தால் மனசு விட்டுப் போகும். பாதி வழியில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தக் கட்டத்தில் விலாக்களைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடி, இரவு முழுக்கப் பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். வெந்த சூட்டில் தொட்டால் உடைகிற கறி, குளிர்ந்ததும் இறுகிப் பலகை மாதிரி நிற்கும். மறுநாள் தைரியமாகத் திருப்பிப் போடலாம். மேல்பக்கமும் உலர்ந்திருக்கும், சீக்கிரம் சிவக்கும். வெந்த நீரை வடிகட்டித் தனியே வையுங்கள். காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக நிற்கும், அதற்குக் கீழே சாறு பூராவும் ஜெல்லியாக உறைந்திருக்கும். கரண்டியால் தட்டினால் ஆடும். கொலாஜன் கரைந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தச் சாற்றில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு வைக்கிற எலும்பு ரசத்துக்காகவே குக்கர் முறையை விட எனக்கு மனம் வராது.

மண்சட்டி

அப்பத்தா இருந்த வரை வீட்டில் குக்கர் சோற்றுக்கு மட்டும்தான். கறி என்றால் கொல்லைப்பக்கத்து விறகடுப்பில், அடி அகன்ற மண்சட்டியில். "தளதளன்னு கொதிக்க விட்டா கறி விறைச்சுக்கும்டி" என்று விறகை இழுத்து இழுத்து வைப்பார். கொலாஜன் என்ற பேரைக் கேட்டிராதவர் செய்தது சரியான வேலை. கொதிநிலைக்கு ஒரு கை கீழே, இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம்.

குக்கரில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. நீர் திறந்த வாயில் சுண்டச் சுண்ட, எல்லாச் சாறும் கறி மேலேயே போய் ஒட்டுகிறது. கடைசிப் பத்து நிமிடம் நீர் வற்றி எண்ணெய் பிரிந்ததும் விலா தன் கொழுப்பிலேயே வறுபடத் தொடங்கும். சடசடவென்ற சத்தம் மாறி மெல்லிய பொரியல் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் அடுத்த வேலையைத் தொடங்குவேன். சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் அப்போது போட்டால் போதும். வேக வைப்பதும் வாட்டுவதும் ஒரே சட்டியில் ஒழுங்காக முடிகிற ஒரே முறை இதுதான். நாலு பேருக்கு ஒரு கிலோவுக்குள் என்றால் ருசியில் இதை மிஞ்ச வேறில்லை.

ஆனால் மூன்று கிலோவுக்கு மண்சட்டி சரிப்படாது. அடியில் இருப்பது உடையும், மேலே இருப்பது வேகாது, கிளறக் கிளற எலும்பு வேறு, சதை வேறு என்று பிரியும். முத்தல் ஆடு என்றால் மூன்று மணி நேரத்தையும் தாண்டும். கேஸ் அடுப்பில் செய்கிறவர்கள் புதுச் சட்டியை நன்றாகப் பழக்கிவிட்டு வையுங்கள்.

ஓவன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 150 டிகிரியில், அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, இரண்டரை மணி நேரம். பிறகு தாளைப் பிரித்து மேல் கம்பி மட்டும் எரியும்படி பத்து நிமிடம். நன்றாகத்தான் வருகிறது, கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1,500 வாட் ஓடிஜி விட்டுவிட்டு எரிவதால் மூன்று மணி நேரத்துக்கு நாலரை யூனிட்டுக்குள் அடங்கும். வெள்ளாட்டுக் கறியைச் சுற்றாமல் வைத்தால் காய்ந்து கருவாடாகும். நம் வீட்டு ஓடிஜியில் ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பரப்ப முடியாது, நடுவில் மின்சாரம் போனால் கணக்குக் குழம்பிவிடும். ஓவனை நான் வேக வைக்க வைத்துக்கொள்வதில்லை. மழை நாளில் கரி மூட்ட முடியாதபோது வாட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஏர் ஃப்ரையரும் அதே வேலைக்கு நல்லது, 200 டிகிரியில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்.

நேராகக் கரி நெருப்பில்

குக்கரே இல்லாமல் பச்சை விலாவை நெருப்பில் வாட்டுவது. ஆசை காட்டுகிற வழி இதுதான், அதிகம் ஏமாற்றியதும் இதுதான். மேலே கருகும்போது உள்ளே கொலாஜன் இளகவே தொடங்கியிருக்காது. பப்பாளிக்காயை அரைத்துத் தடவினால் மென்மையாகும் என்பார்கள். உண்மைதான், பப்பாளிப் பாலில் இருக்கிற பப்பேன் புரதத்தை அறுக்கும். ஆனால் அது தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும், ஆழமாக இறங்காது. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் மேல்பக்கம் மாவு மாதிரி ஆகி, நடுவில் அதே ரப்பர் இருக்கும். பல் போடாத குட்டியின் முதுகுப் பக்கத்துச் சாப்ஸ் என்றால் பப்பாளியும் நெருப்பும் மட்டும் போதும், பிரமாதமாக இருக்கும். நெஞ்சுப் பக்கத்துக்குப் போதாது.

நெருப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டெக்சாஸில் மெஸ்கீட் என்கிற மரத்தின் கரிக்கும் புகைக்கும் பெரிய பேர். தம்பி மகன் அதைப் பற்றி அவ்வளவு சொன்னான். அது வேறொன்றும் இல்லை, நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்க்கரை எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிறதே சீமைக்கருவேலம், அதன் நெருங்கிய உறவு. இரண்டும் அமெரிக்கக் கண்டத்து மரங்கள். நிலத்துக்கு அந்த மரம் செய்கிற கெடுதல் வேறு கதை. ஆனால் அதன் கரி கடினமானது, நின்று எரிவது, நம் பக்கம் மூட்டம் போட்டு எடுத்து மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். அவன் டெக்சாஸில் காசு கொடுத்து வாங்குகிற மணத்தின் பங்காளி நம் ஊர் மூட்டைக்குள்ளேயே இருக்கிறது என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. வந்து முகர்ந்து பார்க்கட்டும்.

மேல்பூச்சும் வாட்டுதலும்

அமெரிக்க சாஸில் தக்காளி, வினிகர், சர்க்கரைப்பாகு இருக்கும். புளிப்பு, இனிப்பு, காரம், உப்பு நான்கும் கறி மேல் பளபளவென்று நிற்க வேண்டும் என்பதுதான் அதன் சங்கதி. நம்மிடம் புளியும் கருப்பட்டியும் இருக்கும்போது பாட்டில் சாஸ் எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு கிலோ விலாவுக்கு ஒரு எலுமிச்சை அளவு புளி, 60 கிராம் கருப்பட்டி, ஆறு காய்ந்த மிளகாய், பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சோம்பு. மிளகாயை ஊற வைத்து வெங்காயம், பூண்டோடு அம்மியிலோ மிக்ஸியிலோ மையாக அரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காய வைத்து, கல்பாசி இரண்டு மூன்று இதழ் போடுங்கள். காய்ந்து சுருண்ட கறுப்பு இலை போல, கையில் வாசமே இல்லாமல் இருக்கும். சூடான எண்ணெய் பட்ட நொடியில் மரமும் மண்ணும் புகையும் கலந்த மணம் கிளம்பும். செட்டிநாட்டுக் கறிக்குப் பெயர் வாங்கித் தந்த மணங்களில் அதுவும் ஒன்று. கரியடுப்பு மூட்ட வழியில்லாத அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிட நல்ல புகை கிடைக்காது. அதற்குப் பிறகு விழுதைப் போட்டுப் பச்சை வாசம் போக வதக்கி, கரைத்து வடிகட்டிய புளி, கருப்பட்டி, கொஞ்சம் உப்பு, ஒரு கரண்டி ஜெல்லிச் சாறு. கரண்டியின் முதுகில் ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கிற பதத்தில் இறக்குங்கள். தட்டிய மிளகும் சோம்பும் கடைசியில்.

கொல்லையில் நாலு செங்கல், மேலே இரும்புக் கம்பி வலை. கரி முழுக்கச் சிவந்து மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கும் வரை காத்திருங்கள். கொழுந்துவிட்டு எரியும்போது வைத்தால் கரி வாசனைக்குப் பதில் கருகல் வாசனைதான் வரும். வலைக்கும் கரிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குளிர்ந்த விலாவில் எண்ணெய் மட்டும் தடவி, பக்கத்துக்கு ஐந்து நிமிடம், உள்ளே சூடு ஏறும் வரை. அப்புறம்தான் மேல்பூச்சு. இனிப்பு சேர்ந்தது சீக்கிரம் தீயும், ஆகவே கடைசி மூன்று நான்கு நிமிடத்தில், இரண்டு தடவையாக. ஒரு வாழை மட்டையை நுனியில் நசுக்கினால் நல்ல பிரஷ். எடுத்தவுடன் இலைக்குப் போக வேண்டும். ஆட்டுக்கொழுப்பு சீக்கிரம் உறையும், ஆறிய விலா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பன்றி விலாவில் இந்தத் தொல்லை குறைவு, நமக்கு உண்டு.

கரி இல்லையென்றால் இரும்புத் தோசைக்கல் போதும். நன்றாகக் காய்ந்த கல்லில் எலும்புப் பக்கம் முதலில், சதைப்பக்கம் பிறகு. வளைந்த விலாவின் நடுப்பகுதி கல்லைத் தொடாமல் நிற்கும், அதை ஒரு கனமான கிண்ணத்தால் அழுத்திப் பிடியுங்கள்.

இந்த வருடம்

ஆக, நான்கு பேர், ஞாயிற்றுக்கிழமை, அவசரமில்லை என்றால் மண்சட்டியை எடுங்கள். அடுக்குமாடி, வேலை நாள் என்றால் குக்கரும் தோசைக்கல்லும், ஒன்றரை மணி நேரத்தில் இலைக்கு வந்துவிடும். நல்ல குட்டியாகச் சாப்ஸ் கிடைத்தால் மட்டும் நேரடி நெருப்பு. கிலோ 800 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிற கறியை முத்தலா இளசா என்று தெரியாமல் பச்சையாக நெருப்பில் வைக்காதீர்கள்.

எங்கள் 14 பேருக்கு மூன்று கிலோ சொல்லியிருக்கிறேன், இரண்டு பல் கிடாய். தை 2 சாயங்காலம் 5 லிட்டர் குக்கரில் இரண்டு தடவையாக வைத்துவிடுவேன். ஒவ்வொன்றும் அழுத்தம் இறங்கித் திறக்க முக்கால் மணி நேரம், எட்டு மணிக்குள் அடுப்படி வேலை முடிந்துவிடும். மேல்பூச்சும் அன்றைக்கே. மறுநாள் அவர்கள் சிறாவயலை விட்டுக் கிளம்பும்போது போன் செய்தால் போதும், கரியை அப்போது மூட்டுவேன். வண்டி வாசலுக்கு வரும்போது சாம்பல் பூத்திருக்கும். வாட்டுகிற வேலை தம்பி மகனுக்கு.

ஐந்து எலும்பு உள்ள ஒரு பட்டையை மட்டும் தனியே எடுத்து இன்னும் பத்து நிமிடம் குக்கரில் வைக்கப் போகிறேன். அது நெருப்புக்குப் போகாது. அம்மாவுக்கு இப்போது முன்பல் இல்லை, காரமும் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கறியை எலும்பிலிருந்து உருவி, ஜெல்லிச் சாற்றில் மிளகு மட்டும் தட்டிப் போட்டுச் சுண்ட வைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். எலும்பையும் கேட்பாள். கொடுப்பேன், உறிஞ்சுவதற்கு.